யாரு பாவம்?

எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் தண்ணீர்ப் பானைக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்கியது ‘பாவம்’ என்ற சொல்தான். பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்த பியூன் பாவம். மாமியாரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த சயின்ஸ் டீச்சர் பாவம். இன்ஸ்பெக்ஷனுக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹெட்மாஸ்டர் பாவம். ஃபேன் ஓடாத நாட்களில் நாங்கள் எல்லோருமே பாவம். சொல்வதற்குச் செலவு கிடையாது. சொன்னவருக்கும் மனசு இதமாக இருக்கும், கேட்டவருக்கும் இருக்கும். இந்த இதத்தைக் கெடுப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். தையல் டீச்சர்.

மெலிந்த உடம்பு. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் தொங்கும். உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசிகள். ஊசி விழாமல் பேசிப் பழகியதால் அவர் குரல் ஒரு அளவுக்கு மேல் உயராது. யாராவது ‘ஐயோ, பாவம்’ என்று இழுத்தால், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த உதட்டிடுக்கு வழியாகவே கேட்பார்.

“யாரு பாவம்?”

கேலி என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே அவருக்குப் பதில் வேண்டும். “பியூன்தான் டீச்சர், பஸ்ஸை விட்டுட்டாராம்” என்றால், “கேட்டைத் தெறக்க ஆளில்லாம வெயில்ல நின்ன பிள்ளைங்க?” என்பார். “சயின்ஸ் டீச்சருக்கு வீட்ல நிம்மதியே இல்லை, பாவம்” என்றால், “அந்தக் கோவத்துல எட்டாம் கிளாஸ்ல முட்டி போட்டுக்கிட்டு இருக்குதுங்களே, அதுங்க?” என்பார். பிறகு அவரோடு யார் பேச்சை வளர்ப்பது? எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து கொள்வோம்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் அந்த ஊரில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த மரியாதைக் குறைவு அவர் பெயருக்கு வேண்டாம்.

நான் அங்கே சமூக அறிவியல் எடுத்தேன். வீட்டுக்காரருக்கு நெய்வேலி மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. நகரியத்துக்குள் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் பள்ளி நகரியத்துக்கு வெளியே, மந்தாரக்குப்பத்தில். தனியார் நிர்வாகம், அரசாங்கச் சம்பளம், அரசாங்கப் பென்ஷன். கடைக்காரர் பிள்ளைகள், கான்ட்ராக்ட் தொழிலாளர் பிள்ளைகள், சுற்றுக் கிராமத்துக் கூலிக்காரர் பிள்ளைகள் படித்தார்கள். நெய்வேலியில் ஒரு பிள்ளையிடம் முதலில் கேட்கிற கேள்வி, “அப்பா பெர்மனென்டா, கான்ட்ராக்டா?” என்பதுதான். எந்தப் பிள்ளையை அடிக்கலாம், எந்தப் பிள்ளையை அடித்தால் வம்பு வரும் என்பதையும் அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்து கொண்டிருந்தோம். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒருமுறை எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமே குவார்ட்டர்ஸுக்கு வந்தது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ‘பாவம் டீச்சர் நீங்க, எப்படி இளைச்சிட்டீங்க’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள். கழுவவேண்டிய டம்ளர்தான் கூடியது. கடைசியாகத் தையல் டீச்சர் வந்தார். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, “குடி” என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு. “அழுதா கசப்பு போயிடாது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு குடி” என்றார்.

அன்றைக்குத்தான் தைரியமாகக் கேட்டேன், அந்தச் சொல்மேல் அவருக்கு என்ன கோபம் என்று.

“எங்க வீட்டுக்காரர் போனப்போ ஒரு வருஷம் முழுக்க எல்லாரும் பாவம் பாவம்னாங்க. ஒருத்தி வந்து ஒரு குடம் தண்ணி தூக்கி வைக்கலை. சொல்லிட்டா செஞ்ச மாதிரி ஆயிடுது இல்ல? அதான்.”

அவ்வளவுதான். டேப்பைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இனி கணக்கு சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் இல்லாமல் டீச்சரைச் சொல்ல முடியாது. மந்தாரக்குப்பத்திலேயே அவரைப் போலக் கணக்கு போட ஆள் கிடையாது என்பார்கள். நகரியத்திலிருந்து பெர்மனென்ட்காரர்களும் டியூஷனுக்கு அவரிடம் பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளைத் தொடமாட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அடிப்பார். அடி என்றால் நாங்கள் அடிக்கிற அடி அல்ல. ஒரு பையனுக்குச் செவிப்பறை கிழிந்தது. ஒருத்தியின் சுண்டுவிரல் வளைந்தது வளைந்ததுதான். ஒவ்வொரு முறையும் நிர்வாகத்தில் கூப்பிட்டுப் பேசி, பழம் வாங்கிக் கொடுத்து, பிள்ளை கால் தடுக்கி விழுந்ததாக முடித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் வாத்தியாரிடம் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. ‘கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்.’ கூலிக்காரர்கள்தான் அதை ரொம்பப் பணிவாகச் சொல்வார்கள். படிப்பு அப்படித்தான் உள்ளே போகும் என்று அவர்களை நம்பவைத்திருந்தோம்.

நான் சொல்ல வந்த பெண்ணின் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அவருக்கு நகரியத்தில் ரோடு கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலை. வீட்டுக்காரர் முந்திரிக்காட்டுக் கூலி. ஒரே பெண்.

ஒன்பதாம் வகுப்பு. கணக்குப் பீரியடில் பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்டாளாம். சார் கையில் கரும்பலகையில் வட்டம் போடுகிற பெரிய மரக் காம்பஸ் இருந்தது. ஒரு காலில் சாக்பீஸ், இன்னொரு காலில் இரும்பு முள். அதைத் தூக்கி எறிந்தார்.

வலது கண் போய்விட்டது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போனார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டாஃப் மீட்டிங். நிர்வாகத்திலிருந்து வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசினார். பெண் ஓடிவந்து பெஞ்சு முனையில் விழுந்துவிட்டது, எல்லோரும் அப்படித்தான் சொல்லவேண்டும் என்றார். “சார் இன்னும் கொஞ்ச நாள்ல ரிடையர் ஆவப்போறவர். அவருக்கும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. பாவம்.”

“யாரு பாவம்?”

அறை முழுக்க அந்தக் குரலுக்காகவே காத்திருந்தது போலிருந்தது. தையல் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் அடுத்தடுத்த அறைகள். நடுவில் கதவில்லாத ஜன்னல். டீச்சர் உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார். “நான் ஜன்னல்கிட்டதான் நின்னுக்கிட்டு இருந்தேன். பெஞ்சு இல்லை. காம்பஸ். கேட்டா அதைத்தான் சொல்லுவேன்” என்றார்.

கேட்டார்கள். போலீஸ் கேட்டது, பிறகு கோர்ட்டு கேட்டது. கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. டீச்சரைப் போலவே அன்றைக்கு எதிர் வராண்டாவில் நின்று பார்த்த இரண்டு வாத்தியார்களுக்கு அதற்குள் ஞாபகம் மங்கிவிட்டது. நாற்பது வயதில் ஞாபகம் மங்குகிற அதிசயத்தை நான் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் பார்த்தேன்.

சாட்சி சொன்ன நாள் டீச்சரோடு நானும் போயிருந்தேன். சாரின் வக்கீல் முதலில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “பொண்ணை அடிங்கன்னு நீங்களே சார்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேங்க.”

“என்ன சொன்னீங்க?”

“கண்ண வுட்டுட்டுன்னுதாங்க சொன்னேன்.”

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அடுத்துத் தையல் டீச்சரைக் கூண்டில் ஏற்றினார்கள். கோபத்தில் கை தவறிப் போனதை வேண்டுமென்றே எறிந்ததாகச் சொல்கிறீர்களா என்று கேட்டார் வக்கீல்.

“கை தவறினா காலடியிலதான் விழும். அது நாலாவது பெஞ்சுக்குப் போச்சு” என்றார் டீச்சர்.

அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். தையல் வகுப்பில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை, நூல் ஊசிக்கு முன்னாலேயும் பின்னாலேயும் போய் வந்தது. மற்ற பிள்ளைகள் ‘ஐயோ, நான் கோத்துத் தர்றேன்’ என்று ஓடிவந்தார்கள். “எல்லாரும் அவங்கவங்க எடத்துல உக்காருங்க” என்று அதட்டினார் டீச்சர். அவளிடம் கோணி ஊசி மாதிரிப் பெரியதாக ஒன்றைக் கொடுத்து, “நூலை அசைக்காதே. நூல் ஒரு எடத்துல நிக்கட்டும், ஊசியை அதுகிட்ட கொண்டு போ. வரும்” என்றார். எத்தனையோ நாள் கழித்து வந்தது. அன்றும் டீச்சர் பாராட்டவில்லை, அடுத்த நாள் கொஞ்சம் சின்ன ஊசியாகக் கொடுத்தார். எனக்கே அன்று அவர்மேல் எரிச்சல், கொஞ்சம் தட்டிக்கொடுத்தால்தான் என்ன?

கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே சாருக்கு ரிடையர்மென்ட் வந்துவிட்டது. ஐயோ, அந்தச் செண்ட் ஆஃப்! ஷாமியானா, மைக் செட், ஆளுயர மாலை. வழக்கப்படி மோதிரம் போட்டு, சால்வை போர்த்தி, அலங்கரித்த வேனில் ஏற்றி, பட்டாசு வெடித்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். பேசியவர்கள் எல்லோரும், இப்பேர்ப்பட்ட மனிதருக்கு இந்த வயதில் இப்படி ஒரு சோதனையா என்று தழுதழுத்தார்கள். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த முழு நேரமும் தையல் அறையிலிருந்து மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மைக்கில் யார் குரலை உயர்த்தினாலும் மிஷினும் வேகமெடுத்தது. ஹெட்மாஸ்டர் பியூனை அனுப்பிப் பார்த்தார். பியூன் போன வேகத்தில் திரும்பி வந்து, “சீருடை தைக்குறாங்களாம் சார். நாளைக்கே வேணுமாம்” என்றார். அப்படி எந்த அவசரமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அதன்பின் தையல் டீச்சரோடு யாரும் ஒட்டவில்லை. அவர் எதிரில் வந்தால் வேறு வராண்டாவுக்கு மாறிக்கொண்டார்கள். அவர் மேஜையில் சாப்பிட நான் மட்டும்தான். நானும் என்ன பெரிய வீராங்கனையா? அவர் கொண்டுவரும் கத்திரிக்காய்க் கொத்சு அப்படி இருக்கும்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. சிறைத் தண்டனை, அபராதம். அபராதம் அரசாங்கத்துக்குப் போயிற்று. மேல்முறையீட்டில் வருஷம் கொஞ்சம் குறைந்தது, தண்டனை நின்றது. சார் உள்ளே போனார். சரி, முடிந்தது என்று நாங்கள் மூச்சுவிட்டால், டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றார்.

“அவருக்குப் பென்ஷன் இன்னும் வந்துக்கிட்டு இருக்கா?”

வந்துகொண்டுதான் இருந்தது. பென்ஷன் என்பது ஒருமுறை வர ஆரம்பித்தால் சாகும்வரை வருவது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். விதி அப்படி இல்லையாம். வேலையை விட்ட பிறகும் நன்னடத்தையோடு இருந்தால்தான் ஓய்வூதியம். கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு அரசாங்கம் அதை நிறுத்தலாம். ஆனால் தீர்ப்பு வந்ததை யாராவது முறையாக மேலே தெரிவிக்க வேண்டும். நிர்வாகம் தெரிவிக்கவில்லை. தெரிவிக்கப்போவதும் இல்லை.

ஸ்டாஃப் ரூம் கொதித்துவிட்டது. மனுஷன் ஜெயிலுக்கே போயிட்டார், இன்னும் என்னவாம் இந்த அம்மாவுக்கு? “பென்ஷன் அவர் முப்பது வருஷம் உழைச்சு சம்பாதிச்சது டீச்சர்” என்றார் தமிழ் ஐயா.

“உழைச்சதுக்கு மாசாமாசம் சம்பளம் வாங்கிட்டாரே. பென்ஷன் எதுக்குக் குடுக்கறாங்க? பிள்ளைங்களைப் பத்திரமா பார்த்துக்கிட்டு வீடு போய்ச் சேர்ந்தீங்களேன்னு குடுக்கறது. அவர் பார்த்துக்கிட்டாரா?”

தமிழ் ஐயாவுக்கு அதற்குமேல் செய்யுள் எதுவும் வரவில்லை.

தீர்ப்பின் நகலை வாங்கி, அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு டீச்சர் கடலூரில் கல்வித்துறை ஆபீஸுக்கு அலைய ஆரம்பித்தார். பாதிக்கப்பட்ட வீட்டிலிருந்து மனு வந்தால்தான் எடுபடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கடலூர் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. கான்ட்ராக்டர் இரண்டு தடவை வேலையை விட்டே நிறுத்தினான், கெஞ்சித் திரும்பச் சேர்ந்தார். ஆனாலும் டீச்சர் சொல்லி அனுப்பிய எந்த நாளிலும் வராமல் இருந்ததில்லை. வடலூர், குறிஞ்சிப்பாடி என்று பஸ் குலுங்கிக்கொண்டு போகும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வருவார்கள். எப்போதாவது அந்த அம்மா கேட்பார்.

“இதெல்லாம் ஆனா எங்க பாப்பாவுக்கு ஒரு வழி பொறந்துடும்ங்களா டீச்சர்?”

“பொறக்கும். நியாயம்னு ஒண்ணு இருக்கு இல்ல?”

இப்படி அலைய ஆரம்பித்து மூன்றாவது வருஷமோ நாலாவதோ, சாரின் மனைவி பள்ளிக்கு வந்தார். அதுவரைக்கும் அவரைச் செண்ட் ஆஃப் வேனில் பட்டுப்புடவையோடுதான் பார்த்திருந்தோம். இப்போது கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். தையல் அறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

“டீச்சர், அந்தப் பணம் வந்துதான் வீட்ல அடுப்பெரியுது. அதையும் நிறுத்தப் பார்க்கறீங்களாமே. நான் என்ன டீச்சர் செஞ்சேன்?”

டீச்சர் மிஷினை நிறுத்தினார். “நீங்க ஒண்ணும் செய்யலை” என்றார். ஊசிக்கடியிலிருந்த துணியை நேராக இழுத்துவிட்டு, “அந்தப் பொண்ணும் ஒண்ணும் செய்யலை” என்றார்.

சாரின் மனைவி வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார். நான் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். “உங்களுக்கு என்ன நெஞ்சா, கல்லா? அந்தம்மா பாவம் இல்லையா?” என்றேன். வழக்கமான கேள்வி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “பாவந்தான். அதைச் சொல்லிட்டு உக்காந்துட்டா ஆச்சா? ரெண்டு பேர்ல ஒருத்தர் பக்கம்தான் நிக்க முடியுது எனக்கு. கண்ணு போனவ பக்கம் நிக்கறேன்” என்றார். அவர் ஒருவரைப் பாவம் என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஆணை வந்தது. சாரின் ஓய்வூதியம் முழுவதும் நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது. நகல் பள்ளிக்கு வந்தபோது ஹெட்மாஸ்டர் அதைத் தொடவே அருவருத்தார். ஸ்டாஃப் ரூமில் இழவு விழுந்தது போல் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் முகத்தில் மட்டும் எனக்குத் தெரிந்து முதல் தடவையாக ஒரு தெளிச்சி. பியூனிடம் அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்கு இரண்டு கரண்டி கொத்சு கூட வைத்தார்.

மறுநாள் மதியம் அந்த அம்மா வந்தார். கூடவே பெண்ணும். நான் அவளைப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. பத்தாவதோடு நின்று, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருந்தது. இரண்டு இடத்தில் கல்யாணம் பேசி, பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த கையோடு திரும்பிப் போயிருந்தார்கள். அம்மா, பத்திரமாக எடுத்துவைத்திருந்த புடவை கட்டி, தலையில் பூ வைத்து, திருவிழாவுக்குக் கிளம்பியவர் போல வந்திருந்தார். இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுத்து மிஷின்மேல் வைத்தார்.

பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல், நேராகப் பார்க்கிற அந்தப் பெண்ணின் முகம்.

“எதுக்கும்மா இது?”

“பென்ஷனுக்குத்தாங்க டீச்சர். போட்டோ கேப்பாங்கன்னாங்க. கண்ணாடியக் கழட்டிட்டு நேரா பாத்தாதான் செல்லும்னாரு ஸ்டூடியோக்காரரு. இது மாட்டவே மாட்டேன்னு அழுதுகினு நின்னுது. ஒரே ஒரு தபாதானே, அப்புறம் காலத்துக்கும் கவலை இல்லன்னு சொல்லி எடுத்தாந்தேன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“யாரு பென்ஷனுக்கும்மா?”

“சார் பென்ஷன்தாங்க. நிறுத்திட்டாங்கன்னு சொல்லி அனுப்புனீங்களே. பாப்பாவுக்கு எந்த மாசத்துலேருந்துங்க வரும்?”

தையல் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே குழாயடியில் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து அந்த அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் சொன்னார். அது வராதும்மா. அவருக்கு நிறுத்தினால் நிறுத்தினதுதான். அது கவர்மென்ட்லயே இருந்துடும்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. டீச்சர்தான் ஏதோ தப்பாகச் சொல்கிறார் என்பது போலப் பொறுமையாக விளக்கினார்.

“இல்லீங்க டீச்சர். எங்கூர்ல மைன்ஸுக்கு நெலத்த எடுத்தாங்க. நெலத்துக்காரங்க வூட்ல ஆளுக்கு வேலை குடுத்தாங்க. எங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. அது சரிதாங்க, எங்ககிட்ட நெலம் இல்ல, எங்ககிட்டேருந்து ஒண்ணும் எடுக்கல. இப்ப எங்ககிட்டேருந்து எடுத்துட்டாங்க இல்லீங்களா? எடுத்தா குடுப்பாங்கதானே?”

“அது வேற, இது வேறம்மா.”

“கவர்மென்டுக்கு எதுக்குங்க அந்தப் பணம்? அவங்க கண்ணா போச்சு?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷி, அளவு டேப்பின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். நிர்வாகம், வக்கீல், ஹெட்மாஸ்டர், தமிழ் ஐயா, நான், எல்லோரையும் ஒரே கேள்வியில் உட்காரவைத்தவர். எத்தனை வருஷம் அந்த அம்மாவின் பக்கத்து சீட்டில் கடலூருக்குப் போய்வந்திருக்கிறார்! எதற்காக வருகிறாய் என்று ஒருநாள்கூட அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன?

“அப்ப சும்மா நிறுத்துறதுக்குத்தாங்களா இவ்ளோ அலைஞ்சோம்?” என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. “அவரு பொண்டாட்டி திருவதிகையில அண்ணன் வூட்டுல சோத்துக்கு நிக்குதாம். இது தெரிஞ்சிருந்தா வுட்டுருக்கலாங்க. அதுவாவது தின்னுட்டுப் போயிருக்கும்.”

கவரை எடுக்காமலே எழுந்தார். முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டார். டீச்சரைப் பார்த்து, “பாவம்” என்றார்.

பழக்கதோஷம். டீச்சர் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது.

“யாரு பாவம்?”

“நீங்கதாங்க டீச்சர்” என்றார் அந்த அம்மா. “இத்தினி வருசம் எங்களுக்காவ அலைஞ்சிகினு, எல்லார்கிட்டயும் பொல்லாப்பு கட்டிகினு. கடைசில உங்களுக்கும் ஒண்ணும் வரலியே.”

சொல்லிவிட்டு டீச்சரின் கையை ஒருமுறை பிடித்து விட்டார். பெண்ணை இழுத்துக்கொண்டு படி இறங்கினார். வராண்டா முனை வரைக்கும் போன பெண் மட்டும் திரும்பி ஓடிவந்தாள். எங்கள் இருவரையும் பார்க்காமல் மிஷின்மேல் இருந்த போட்டோக் கவரை எடுத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் அதன்பிறகு இரண்டு வருஷம் வேலை பார்த்தார். அவருக்குச் செண்ட் ஆஃப் எல்லாம் யாரும் வைக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அந்த இரண்டு வருஷமும் உதட்டில் குண்டூசி இருந்தது, கழுத்தில் டேப் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் பியூன் பாவமானார், புதிதாக வந்த கணக்கு டீச்சர் பாவமானார், திருவதிகையில் இருந்த சாரின் மனைவி தினமும் பாவமானார். டீச்சர் தலையை நிமிர்த்தவே இல்லை.

கேட்க ஆளில்லாததால் நாங்களும் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.